குண்டழகிக்குக் கிழக்கே ஒரு மேயர்

“அப்படின்னா, நாம இப்ப உக்காந்திருக்கிற இடம் யாரோட ஊரு?”

“என்ன ஐயா கேள்வி இது? என் ஊருதான்.”

“குண்டழகிக்கு மேற்கால உங்க ஊரு, கிழக்கால தெண்டெல். இப்பதானே சொன்னீங்க?”

“ஆமா. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அதான் எல்லை.”

“சரி. மேயரே, கொஞ்சம் எந்திரிச்சுப் போய் அந்த மேற்கு ஜன்னலத் திறங்க. குண்டழகி எங்க இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

மேயர் சாலெக் உல்த் பெய்பா எழுந்தார். நீல அங்கியின் அகலமான கைகளை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்த ஜன்னலை அவர் திறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மணல் வருகிறது என்பது ஊருக்குச் சொன்ன காரணம். கொண்டி துருவேறிக் கிடந்தது. செருப்பைக் கழற்றி இரண்டு தட்டு தட்டியதும் கதவு திறந்துகொள்ள, ஒரு படி மணல் அவர் காலில் கொட்டியது.

மேற்கே, கொஞ்சம் வடக்காக ஒதுங்கி, குண்டழகி கிடந்தாள். ஊரிலேயே பெரிய மணற்குன்று அவள்தான். மெத்தையில் ஒருக்களித்துப் படுத்துத் தேநீருக்குக் காத்திருக்கும் செல்வந்தர் வீட்டுப் பெண்ணைப் போல, இடுப்பு வளைவும் தோள் சரிவுமாக, சாயங்கால வெயிலில் மினுமினுத்துக்கொண்டிருந்தாள். மேயர் கிழக்கு ஜன்னலுக்கு ஓடினார். அவள் இருந்திருக்க வேண்டிய பக்கம் அதுதான். அங்கே ஒரு கழுதை மட்டும் நின்றது. இந்த வீட்டைக் கட்டிய புதிதில், காலைச் சூரியன் குண்டழகியின் முதுகிலிருந்துதான் எழும்பும். இப்போது அதே முதுகில் அஸ்தமிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது.

“தாண்டிப் போயிட்டா,” என்றார் மேயர்.

“அதத்தான் நானும் பாத்தேன்.”

“என் வீட்டத் தாண்டிப் போயிட்டா ஐயா. ஒரு வார்த்த சொல்லாம.”

ஐயா என்று அவர் அழைத்தவர் ஹாக்கிம், அதாவது அரசாங்கம் அனுப்பிய வட்டார அதிகாரி. பெயர் ஹமதி சோவ். தெற்கே ஆற்றங்கரைக்காரர். நெடுநெடுவென்று உயரம். சோற்றையும் மீனையும் பிரிந்து வந்த துக்கம் முகத்தில் நிரந்தரமாகக் குடியிருந்தது. தலைநகரில் யாருக்கோ திடீரென்று நாட்டைப் பற்றி ஒரு புத்தகம் போட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. நிலம், மக்கள், வருமானம், ஆட்சி என்று நாலே தலைப்பு. ஒவ்வொரு ஊருக்கும் ஹாக்கிம் நேரில் போய்க் கேட்டு எழுதி வர வேண்டும். அக்லெய்ல் ஊரில் சுலபமாக முடித்துவிடலாம் என்று வந்தவர், நிலம் என்ற முதல் தலைப்பிலேயே, மணலில் சக்கரம் புதைந்த வண்டி மாதிரி நின்றுவிட்டார்.

எல்லையின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாட்டன்மார் காலத்தில் குண்டழகியின் உச்சியில் ஓர் ஒட்டகம் குட்டி போட்டது. குட்டி யாருக்கு என்று அக்லெய்லும் தெண்டெலும் அடித்துக்கொண்டன. கடைசியில் குட்டி ஒரு முடிவுக்கு வந்து பாலைவனத்தில் ஓடிப்போனது. மிச்சமிருந்த சண்டையை வீணாக்க வேண்டாம் என்று இரண்டு தரப்பும் எல்லை பேசி முடித்தார்கள். குண்டழகியின் கிழக்கு ஓரம் வரை அக்லெய்ல், அதற்கு அப்பால் தெண்டெல். பின்னாளில் அரசாங்கத்து ஆட்கள் வந்தார்கள், தேநீர் குடித்தார்கள், சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். குண்டழகி நடப்பவள் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்பதல்ல. ஆறு ஓடும் என்று யாராவது எழுதி வைப்பார்களா?

அவள் நடப்பதால் யாருக்கும் நஷ்டமும் இருந்ததில்லை. கிழக்குக் காற்றைத் தடுக்க அவள் முன்னால்தான் ஊர்க் கூடாரங்கள் எல்லாம் நிற்கும். காற்று தள்ளி அவள் மேற்கே ஓர் அடி எடுத்து வைத்தால் கூடாரங்களும் முளைகளைப் பிடுங்கிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைக்கும். எல்லை நகர்ந்தது, ஊரும் நகர்ந்தது. நகராத ஒரே பொருள் மேயரின் சிமெண்ட் வீடு. அக்லெய்லின் முதல் சிமெண்ட் வீடு அதுதான். கடைசி வீடும் அதுதான். “நாம மணல் இல்ல, மலை” என்று அவர் அன்றைக்குப் பேசிய பேச்சுக்கு ஊரே கைதட்டியது. தட்டி முடித்ததும் போய்க் கூடாரத்தை ஓர் அடி மேற்கே தள்ளிப் போட்டது.

இத்தனை வருஷமாக ஜனங்கள் தன்னை விட்டு விலகிப் போவதாகத்தான் மேயர் நினைத்திருந்தார். முன்பெல்லாம் வாசலில் நின்று கூப்பிட்டால் பதில் வரும். பிறகு கத்த வேண்டியிருந்தது. இப்போது போன் செய்ய வேண்டியிருந்தது. பதவியில் இருப்பவனைக் கண்டால் சனங்களுக்கு ஆகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, எதிரொலிக்கும் அறைகளில் ஒண்டியாக உலாவிக்கொண்டிருந்தார்.

“சின்ன விஷயந்தானே ஐயா,” என்றார் இப்போது, குரலில் சர்க்கரை தடவி.

“சின்ன விஷயந்தான். ஆனா மேயர்னா ஊருக்குள்ள குடியிருக்கணும், அது சட்டம். இப்ப நீங்க தெண்டெல்காரர். நாளைக்குச் சாயங்காலம் நான் கிளம்புறேன். அதுக்குள்ள குண்டழகிக்கு மேற்கால உங்களுக்குன்னு ஒரு கூரை இருந்தா, ஆட்சிங்கிற தலைப்புக்குக் கீழ உங்க பேர எழுதிடறேன். இல்லன்னா…”

மீதியை ஹாக்கிம் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

மேயர் பதவி போய்விட்டால் சாலெக்கிடம் மிஞ்சுவது என்ன என்று அவரே ஒரு கணம் எண்ணிப் பார்த்தார். ஒரு வீடு, அதன் எதிரொலி. வட்டமான முத்திரை போய்விடும். சுதந்திர தினத்தன்று முன்வரிசை நாற்காலி போய்விடும். தெருவில் பார்க்கிறவர்கள் வெறும் சாலெக் என்று கூப்பிடுவார்கள். வெறும் சாலெக்கை அவருக்கே அவ்வளவாகப் பழக்கமில்லை.

பாலைவனத்தில் தண்ணீர்தான் கிடைக்காது, செய்தி கிடைக்கும். மறுநாள் காலை ஹாக்கிமும் மேயரும் பேரீச்சம்பழத்தை வெண்ணெயில் தொட்டு வாயில் போடுவதற்குள் தெண்டெல் மேயர் இஸ்லமு தன் பிக்கப் வண்டியில் வந்து இறங்கிவிட்டார். குள்ளமான உருவம், கஞ்சி போட்டு மடமடக்கும் வெள்ளை அங்கி. அவர் நடந்தால் காகிதம் கசங்குகிற சத்தம் கேட்கும்.

ஜென்மப் பகையாளியானாலும் முகமன் சொல்லாமல் பேச்சைத் தொடங்க அந்த மண்ணில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஆகவே இருவரும் கைகோத்து நின்று ஆரம்பித்தார்கள். உடம்பு எப்படி, தூக்கம் எப்படி, காற்று எப்படி, ஆடுகள் எப்படி, ஒட்டகங்கள் எப்படி, வெயில் எப்படி, நேற்றைய வெயில் எப்படி. எல்லாவற்றுக்கும் ‘நலம், இறைவனுக்கே புகழ்’ என்று பதில். ஹாக்கிம் பொறுமையாகப் பேரீச்சங்கொட்டைகளை வரிசையாக அடுக்கினார். ஆற்றங்கரையிலும் இதே பாடுதான், அவருக்குப் பழக்கம். கடைசியில் இஸ்லமு வீட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“நம்ம வீடு எப்படி இருக்கு?”

“நலம், இறைவனுக்கே…” என்று பழக்கத்தில் சொல்லிக்கொண்டு போன சாலெக் பாதியில் பல்லைக் கடித்தார். “யாரு வீடு?”

“கோவிச்சுக்காத சாலெக். இனி நீ எங்க ஊர்ப் புள்ள. உனக்கு ஒரு குறையும் வராது. ஒரு குடிமகனா உன் மேயர்கிட்ட எதுனாச்சும் சொல்லணும்னா வெள்ளிக்கிழம தவிர எப்ப வேணா வரலாம். கொஞ்சம் வரிசையில நிக்கணும்.”

பிறகு அவர் உள்ளே போய்ச் சுவர்களைத் தட்டிப் பார்த்தார். சமையலறையில் தெண்டெல் ஆடுகள் ஏற்கெனவே குடியேறியிருந்தன. எல்லைப் பேச்சு முடியட்டும் என்று ஆடுகள் காத்திருப்பதில்லை. இஸ்லமு அவற்றைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார்.

சாலெக்கின் தலையில் அந்த நேரத்தில்தான் அந்த யோசனை உதித்தது. பின்னால் அவரே அதை நினைத்து அங்கிக்குள் முகத்தை மறைத்துக்கொள்வார். அப்போது மட்டும் அது மேதைமை போலத் தோன்றியது. வீட்டை மேற்கே கொண்டுபோக முடியாது. குண்டழகியைக் கிழக்கே கொண்டுவந்தால்?

ஊரைக் கூட்டினார். குன்றை இரண்டு வீடு தூரம் பின்னுக்குத் தள்ள வேண்டும், அவ்வளவுதான், மேற்குப் பக்கத்து மணலை எடுத்துக் கிழக்குப் பக்கம் போட வேண்டும் என்று விளக்கினார். ஜனங்கள் மறுக்கவில்லை. அக்லெய்லில் அதைவிட நல்ல பொழுதுபோக்கு அந்த மாதம் எதுவும் கிடையாது. பால் குடிக்கும் மரக்கிண்ணங்கள், பிளாஸ்டிக் வாளிகள், பழைய போர்வை, கதவில்லாத ஒரு குளிர்சாதனப் பெட்டி என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கூடவே தேநீர்க் கெட்டிலையும் எடுத்துவந்தார்கள். வேலை அங்கேதான் படுத்தது.

ஒரு கிண்ணம் மணலைச் சுமந்து உச்சிக்கு ஏறினால் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கினால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் தேநீர் வைக்க வேண்டும். தேநீர் என்றால் மூன்று கோப்பை, மூன்றாவதைக் குடிக்காமல் எழுந்திருப்பவனை மனிதர் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று கோப்பையும் முடிந்து கிழக்குச் சரிவில் மணலைக் கொட்டினால், கிழக்குக் காற்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு மேற்கே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தது.

ஹாக்கிம் இதை வீணாக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களிடம் போய் வருமானத்தைப் பற்றி விசாரித்தார். ஆடு என்றார்கள். வேறு? ஒட்டகம். வேறு? வெயில் முற்றும்போது பேரீச்சம்பழம். வேறு? சூவெராத்தில் இரும்புக் கல் வெட்டும் பையன்கள், அந்தக் கல்லை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகும் நீள ரயிலில் ஓசிச் சவாரி போய் நுவாதிபுவில் மீன் பிடிக்கும் பையன்கள். மீன் என்ற சொல் காதில் விழுந்ததும் ஹாக்கிமின் முகம் மலர்ந்தது.

“மீன அனுப்பி வைப்பாங்களா?”

“பணந்தான் அனுப்புவாங்க. மீன எதுக்கு ஐயா அனுப்பணும்?”

“சாப்பிடத்தான்.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர், ஹாக்கிமின் மனம் புண்படக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ஊர்ல ஒரு ஆடுகூட மிச்சமில்லன்னு ஆனா, அப்ப அதப் பத்தி உக்காந்து பேசுவோம்.”

ஹாக்கிம் புண்பட்டார். ஆனாலும் எழுதினார். ஆட்சி என்ற கடைசித் தலைப்புக்கு வந்தார். “மேயர் விஷயம் இருக்கட்டும். இங்க எப்பக் கூடாரத்தப் பிரிக்கணும், எங்க போடணும், யாருக்கும் யாருக்கும் சண்டைன்னா யாரு தீத்து வைக்கணும், இதெல்லாம் யாரு முடிவு பண்றது?”

கிண்ணங்களோடு எல்லாக் கைகளும் ஒரே பக்கம் நீண்டன. மேற்கோரத்துப் பெரிய கூடாரத்தின் நிழலில், மஞ்சள் துணியை உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு, தலையணையில் சாய்ந்தபடி இந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. தெக்பெர் மின்த் அஹ்மய்த். ஆகிருதியிலும் அமைதியிலும் குண்டழகிக்குத் தங்கை என்று சொல்லலாம். காற்றின் மணம் மாறினால் விடியலில் அவள் தன் கூடாரத்தின் ஒரு கயிற்றை மட்டும் அவிழ்த்து விடுவாள். யாரிடமும் ஒன்றும் சொல்ல மாட்டாள். அதைப் பார்த்து ஊரே கயிற்றை அவிழ்க்கும்.

“அவங்க யாரு?” என்று கேட்டார் ஹாக்கிம்.

எல்லாரும் மேயரைப் பார்த்தார்கள். மேயர் குளிர்சாதனப் பெட்டிக்குள் மணல் அள்ளுவதில் மும்முரமானார்.

அவள் அவருடைய முன்னாள் மனைவி.

அந்த மண்ணில் ஆணுக்குச் சொந்தம் ஒட்டகச் சேணம், பெண்ணுக்குச் சொந்தம் கூடாரம். ஒருவன் கல்யாணம் செய்துகொண்டால் மனைவியின் கூடாரத்துக்குள் போகிறான், இடம் மாறும்போது அதன் நடுக்கம்பத்தைச் சுமக்கிறான். மண முறிவு என்றால் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறான். சாலெக்குக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. மேயர் என்பவனுக்குத் தன் பெயரில் ஒரு சுவராவது வேண்டாமா என்று அந்த வீட்டைக் கட்டினார். தெக்பெர் ஒரே ஒருநாள் உள்ளே வந்தாள். அறை அறையாகப் போனாள். “பக்கத்து வீட்டுக்காரியோட சண்டை வந்தா இத எப்படித் தூக்கிட்டுப் போறது?” என்று கேட்டாள். நாம் என்ன ஆடுகளா என்று அவர் சொன்னார். ஆடுகள் இந்த வீட்டுக்குள் இருக்க மாட்டா, அவற்றுக்கு அறிவிருக்கிறது என்று அவள் சொன்னாள். இன்றைக்குத் தெண்டெல் ஆடுகள் அவள் வாக்கைப் பொய்யாக்கிவிட்டன. ஆனால் தெண்டெல் ஆடுகளை யார் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்?

மண முறிவு நடந்தது. வழக்கப்படி அவள் விடுதலை பெற்றதைக் கொண்டாடப் பெண்கள் கூடி மேளம் தட்டினார்கள். ஊரில் எந்த விழாவானாலும் மேயர் தலைமை தாங்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதைப் போட்டவரே சாலெக்தான். ஆக, தன்னை விட்டுத் தன் மனைவி நீங்கியதற்கான விழாவுக்கு அவரே தலைமை தாங்கினார். இரண்டு வார்த்தை பேசினார். கறி மிருதுவாக இருந்ததென்று பாராட்டினார். அந்தக் கறி, மனைவியை இழந்து தனியாக இருந்த இஸ்லமு, காதில் சிவப்புக் குஞ்சம் கட்டித் தெக்பெருக்கு அனுப்பியிருந்த கிடாயுடையது என்று பிறகுதான் தெரிந்தது. விடுதலையான பெண்ணுக்கு இப்படி அனுப்புவது, நானும் இருக்கிறேன் என்று சொல்லும் வழி. தெக்பெர் கிடாயைச் சாப்பிட்டாள், பதில் மட்டும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாத்திய ஜன்னல்தான் அந்த மேற்கு ஜன்னல். அங்கிருந்து பார்த்தால் அவள் கூடாரம் தெரியும்.

மதியத்துக்குள் குண்டழகி வடக்கே நாலு விரற்கடை அகலமாகியிருந்தாள். மற்றபடி அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜனங்கள் வாளிகளைக் கவிழ்த்து வைத்து நிழலுக்குப் போனார்கள். சாலெக் கடைசி முயற்சியாக யாரிடமாவது ஒரு கூடாரத்தை இரவல் கேட்டுப் பார்த்தார். ஒவ்வொருவனும் என் கூடாரமென்றால் தாராளமாகத் தருவேன், ஆனால் அது என் மனைவியுடையது என்றான். மனைவிகளோ, தெக்பெர்கிட்ட கேட்டீங்களா என்று மரியாதையாக விசாரித்தார்கள். கேட்கும்போது அவர்கள் முகத்துணியால் வாயை மூடிக்கொண்டது வெயிலுக்காக மட்டும் என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் நெருங்கியது. ஆட்சி யாருடையது என்று நேரிலேயே கேட்டுவிடலாம் என ஹாக்கிம் தெக்பெரின் கூடாரத்துக்குப் போனார். ஹாக்கிம் போகிறார் என்று இஸ்லமுவும் மடமடத்துக்கொண்டு போனார். இஸ்லமு போகிறார் என்று சாலெக்கும் போனார். முடியிலெல்லாம் மணல், அங்கியின் பைக்குள் மணல், காதில் மணல்.

தெக்பெர் மூவரையும் உட்கார வைத்தாள். புளித்த பாலில் சர்க்கரை கலந்து பெரிய மரக்கிண்ணத்தில் சுற்றுக்கு விட்டாள். பிறகு கரி அடுப்பின் மேல் சின்னக் கெட்டிலை வைத்தாள். சாலெக்கை ஏறிட்டுப் பார்த்தாள்.

“ஜன்னலத் தொறந்தியாமே.”

“ஹாக்கிம் தொறக்கச் சொன்னாரு.”

“அவர் சொல்ற வரைக்கும் காத்திருந்தியா?”

சாலெக் பாலைக் குடிப்பதுபோல் கிண்ணத்துக்குள் முகத்தை ஒளித்தார்.

முதல் கோப்பை வந்தது. அது கசக்கும். அந்தக் கசப்பு இறங்கும்வரை இஸ்லமு பேசினார். சிமெண்ட் வீட்டில் தான் என்னென்ன செய்யப்போகிறேன் என்று விவரித்தார். முன்னறையில் ஆடுகள், நடு அறையில் வைக்கோல், பின்னறையில் நோயுற்ற ஆடுகள். தெக்பெர் விரும்பினால் அவளுடைய ஆடுகளுக்கும் ஓர் அறை ஒதுக்கத் தான் தயார் என்று சொல்லி, காலருகே கிடந்த ஒரு சிவப்புக் குஞ்சத்தை, கையோடு கொண்டுவந்ததுதான், யாருக்கும் தெரியாமல் அவள் பக்கம் தள்ளினார். எல்லாரும் பார்த்தார்கள். தெக்பெர் அதை எடுத்துக் கெட்டிலின் சூடான கைப்பிடியில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நாளாக இதற்கு ஒன்று தேவைப்பட்டதென்று நன்றி சொன்னாள்.

இரண்டாவது கோப்பைக்குப் புதினா போட்டாள். உயரத் தூக்கி ஊற்றினாள், கோப்பையிலிருந்து கோப்பைக்கு, நுரை கட்டும் வரை. அந்தக் கையைச் சாலெக் பார்த்துக்கொண்டிருந்தார். சிமெண்ட் வீட்டில் அவரும் தினமும் தேநீர் வைக்கிறார். ஒருநாளும் நுரை வந்ததில்லை. தண்ணீர் சரியில்லை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

ஹாக்கிம் தொண்டையைச் செருமினார். அவர் இளகிவிட்டிருந்தார். ஒருவேளை புதினா காரணமாக இருக்கலாம். காலையிலிருந்து ஒரு மனிதன் குன்றைத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் காரணமாக இருக்கலாம்.

“நான் யோசிச்சுப் பாத்தேன்,” என்றார். “நடக்கிற எல்லைய வச்சு என்னத்தப் புத்தகத்துல போடறது? படிக்கிறவன் சிரிப்பான். பேசாம அந்த வீட்டயே எல்லைன்னு எழுதிடறேன். வீடும் அதுக்கு மேற்கால உள்ளதும் அக்லெய்ல். சுவரு எங்கயும் போகாது. நீங்களும் மேயராவே இருக்கலாம். பிரச்சினை முடிஞ்சுது.”

இஸ்லமு ஆட்சேபித்தார். வைக்கோலுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். யாரும் கவனிக்கவில்லை. சாலெக்குக்குச் சந்தோஷத்தில் எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. முத்திரை பிழைத்தது. நாற்காலி பிழைத்தது. அவர் தெக்பெரைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது கோப்பைக்காகச் சர்க்கரைக் கட்டியைக் கோப்பையின் அடியால் உடைத்துக்கொண்டிருந்தாள்.

“நல்லதாப் போச்சு,” என்றாள் அவள். “சுவரு எங்கயும் போகாது. நாங்க போவோம். வர்ற வருஷம் இங்கேர்ந்து அந்த முள்மரம் வரைக்கும். அடுத்த வருஷம் அதுக்கும் அந்தாண்ட. போன்ல கூப்பிட்டாலும் கேக்காத தூரம் ஒருநா வரும். நீ அங்கயே மேயரா இரு சாலெக். கழுதைக்கும் ஒரு மேயர் வேணும்ல?”

இஸ்லமு சிரித்தார். ஹாக்கிம் சிரிக்காமலிருக்க மேலே கூடாரத்தின் நெசவை ஆராய்ந்தார்.

சாலெக் சிரிக்கவில்லை. கூடாரத்தின் திறந்த பக்கம் வழியாக வெளியே பார்த்தார். குண்டழகி அசையாமல் கிடந்தாள். அவள் அசைவதை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அவளுக்கும் அப்பால், தூரத்தில், ஒரு தீப்பெட்டி அளவுக்கு அவர் வீடு தெரிந்தது. திறந்து கிடந்த மேற்கு ஜன்னலில் ஓர் ஆட்டின் தலை தெரிந்தது. அது இந்தப் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஜன்னலில் தன் தலை இருந்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்று சாலெக் யோசித்தார். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று தோன்றியது.

மூன்றாவது கோப்பை கைக்கு வந்தது. இதைக் குடித்து முடித்தால் விருந்தாளி எழுந்துகொள்ள வேண்டும். இஸ்லமு ஒரே உறிஞ்சில் முடித்துவிட்டு அங்கியை உதறினார். ஹாக்கிமும் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“அப்ப எழுதிடவா மேயரே? எல்லை வீடுன்னு?”

“வேணாம் ஐயா.”

“என்ன?”

“குண்டழகின்னே எழுதுங்க. அவதான் எல்லை. எங்க பாட்டன்மார் மடையங்க இல்ல. வீடு இஸ்லமுவோட ஆட்டுக்கு. மேற்கு ஜன்னல மட்டும் சாத்த வேணாம்னு சொல்லுங்க, பாவம், அதுங்களும் பாக்கட்டும்.”

“அப்படி எழுதினா இந்தப் பக்கம் உங்களுக்குக் கூரை ஒண்ணும் இல்லையே. ஆட்சிங்கிற இடத்துல நான் யாரு பேர எழுதறது?”

“கொஞ்சம் பொறுங்க.”

சாலெக் கோப்பையை இன்னும் வாயில் வைக்கவில்லை. அவர் மேயராகப் பேசிப் பழகியவர். ‘பெரியோர்களே’ என்று தொடங்காமல் அவருக்கு வாய் வராது. ஒருதரம் தொடங்கியும் பார்த்தார். கூடாரத்தில் அப்படி யாரும் இல்லை. தெக்பெர் காலி கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, சிவப்புக் குஞ்சத்தை விரலில் சுற்றியபடி காத்திருந்தாள். கிழக்குக் காற்று கூடாரத்தின் ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. காற்றின் மணம் லேசாக மாறியிருந்தது. அவள் மூக்கு அதை அறிந்துகொண்டதை அவர் கவனித்தார். நாளைக்கோ மறுநாளோ, விடியலில் ஒரு கயிறு அவிழும்.

அவர் காதிலிருந்து ஒரு சிட்டிகை மணல் கோப்பைக்குள் விழுந்தது. அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு சொன்னார்.

“தெக்பெர், இந்தத் தடவ கூடாரத்தப் பிரிக்கிறப்போ, நடுக்கம்பத்த நான் தூக்கிட்டு வரட்டுமா?”